கரன்ட் பில் இல்லாத மாவு மில்... இமயமலை கிராமங்களின் ‘கராட்’ கதை!

மில்லில் கோதுமை அரைத்து வாங்கும்போது மாவு கையில் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால், அரைத்து முடித்த பிறகும் மாவு அவ்வளவாகச் சூடேறாத மில்கள் உத்தரகாண்ட் மலைக்கிராமங்களில் இருக்கின்றன. மோட்டார் கிடையாது, கரன்ட் பில் கிடையாது. ஓடைத் தண்ணீர்தான் இன்ஜின். பெயர், ‘கராட்’.

எப்படிச் சுழலுகிறது?

ஓடையிலிருந்து சிறு வாய்க்கால் வெட்டி, சரிவான மரத்தொட்டி வழியாகத் தண்ணீரை வேகமாக இறக்குவார்கள். அது கல் வீட்டின் அடியில் படுக்கைவாக்கில் இருக்கும் சக்கரத்தின் மீது மோதும். சக்கரத்தின் அச்சு மேலே உள்ள திருகைக்கல்லைச் சுழற்றும். கீழ்க்கல் அசையாது.

கல்லுக்கு மேலே தானியக்கூடை தொங்கும். அதோடு சேர்ந்த ஒரு குச்சி, சுழலும் கல்லை உரசித் துள்ளும்போது தானியம் சிறிது சிறிதாக விழும். தண்ணீர் வேகமெடுத்தால் குச்சியும் வேகமாகத் துள்ளும், தானியமும் கூடுதலாக விழும். ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை!

கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு அதிகம் சூடாகாது. அதனால்தான் ருசி மாறுவதில்லை என்கிறார்கள் மலைவாசிகள். கோதுமை, மக்காச்சோளத்தோடு, அங்கே ‘மண்டுவா’ எனப்படும் நம்மூர் கேழ்வரகும் இதில் அரைபடும்.

கூலி பணமல்ல, மாவு!

அரைப்புக் கூலியாக மாவிலோ தானியத்திலோ ஒரு பங்கை எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். மூட்டை அரைபடும் வரை காத்திருப்பவர்களுக்கு, ஊர்க்கதை பேசும் இடமும் அதுதான்.

ஏன் நின்றுபோனது?

மூட்டையைத் தலையில் சுமந்து ஓடைக்கு இறங்கி, மீண்டும் மேடேறியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வீட்டுக்கு அருகிலேயே மின்சார மில் வந்தபோது, அவர்களுக்கு அது பெரிய நிம்மதி. கராட்டில் கூட்டம் குறைந்தது.

இன்னொரு காரணம், தண்ணீர். இமயமலைப் பகுதியில் ஏறக்குறைய பாதி ஊற்றுகள் வற்றிவிட்டன அல்லது வற்றி வருகின்றன என்கிறது 2018-ல் வெளியான நிதி ஆயோக் அறிக்கை. ஓடை மெலிந்தால் சக்கரம் நின்றுவிடும்.

பகலில் மாவு, இரவில் விளக்கு

கராட்களுக்கு மறுவாழ்வு தர முயன்றவர்களில் முக்கியமானவர், பத்ம பூஷண் விருது பெற்ற சூழலியலாளர் அனில் ஜோஷி. அவரது ‘ஹெஸ்கோ’ அமைப்பு மேம்படுத்தப்பட்ட கராட்களைப் பரப்பியது. மரச்சக்கரத்துக்குப் பதில் உலோகச் சக்கரமும் பால் பேரிங்கும் பொருத்தினால், அதே தண்ணீரில் கூடுதலாக அரைக்கலாம். ஜெனரேட்டரை இணைத்தால் சில வீடுகளுக்கு விளக்கும் எரியும்.

சக்கரத்தை மாற்றலாம், கல்லைக் கொத்திச் சரிசெய்யலாம். ஆனால், மலையில் ஊற்று வற்றிப்போனால் எந்தச் சக்கரமும் சுழலாது. கராட்டைக் காப்பாற்றும் வேலை, அந்த ஊற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்!