நடுக்குவாதமும் விழித்திரையும்



தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படிகளில் நாள்தோறும் நீராடுவது என் தமையனாரின் வழக்கம். நடுக்குவாதம் கண்டபின், பழகிய அந்தப் படிகளிலேயே தடுமாறலானார். "படி எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை, தம்பி" என்பார். கண் சோதனைப் பலகையின் எழுத்துக்களைப் பிழையின்றிப் படித்தவர் ஆயிற்றே! "கவனமாக நடக்கக் கூடாதா, அண்ணாச்சி?" என்று கடிந்துகொண்டேன். தவறு என்னுடையது என்பதைப் பின்னரே கற்றேன்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயை விவரித்தார். அவர் பெயராலேயே இது இன்று வழங்குகிறது. மூளையில் டோபமைன் என்னும் பொருளை உண்டாக்கும் நரம்புச் செல்கள் அழிவதால் நடுக்கமும் விறைப்பும் தோன்றுகின்றன.

இதற்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? விழித்திரை, கருவில் முன்மூளையிலிருந்தே கிளைத்து வளர்வது. அதிலும் டோபமைன் சுரக்கும் செல்கள் உண்டு. வெயிலுக்கும் மங்கலுக்கும் ஏற்ப விழித்திரையை இசைவிக்க அது உதவுகிறது. அது குறைந்தால், வெள்ளைத் தாளில் கறுப்பெழுத்துத் தெளிவாகத் தெரியலாம். சாம்பல் நிறக் கல்லையும் சாம்பல் நிற நீரையும் பிரித்தறிவது அரிதாகிவிடும்.

விழித்திரையின் அடுக்குகளை மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு நுட்பத்துடன் அளக்கும் ஒளிப்பட முறை 1991-இல் வெளிவந்தது. இந்நோயாளர் பலருக்கு உள்ளடுக்குகள் மெலிந்திருப்பதை அது காட்டியது. நோய் கண்டறியப்படுவதற்குச் சராசரியாக ஏழாண்டுகள் முன்னரே இத்தகைய மாற்றம் காணப்பட்டதாக 2023-இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு தெரிவித்தது. ஆயினும், கண் அழுத்த நோய் முதலியவற்றாலும் விழித்திரை மெலியும். ஆகவே படத்தை மட்டும் கொண்டு ஒருவருக்கு இந்நோய் என்று முடிவு கட்டலாகாது.

உடலில் டோபமைனாக மாறும் லெவோடோபாவே இன்றைய முதன்மை மருந்து. நம் காடுகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து அதனை 1937-இல் சென்னையில் தாமோதரன், இராமசுவாமி என்னும் ஆய்வாளர் இருவர் பிரித்தெடுத்தனர். மருந்து உட்கொண்டபின் சிலருக்கு இந்தப் பார்வைக் குறையும் ஓரளவு நீங்குகிறது. விதையைத் தாமே உண்பது தகாது; மருத்துவர் அளந்து தருவதே மருந்து.

இப்பொழுது எங்கள் வீட்டுப் படிகளின் விளிம்பில் வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கிறேன். தமையனார் முன்போல் தடுமாறுவதில்லை. உங்கள் வீட்டு முதியவர் "தெரியவில்லை" என்றால், கடிந்துகொள்ளாதீர்கள். முதலில் அவர் சொல்லை நம்புங்கள். பிறகு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.