முகமும் பெயரும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. இன்பமும் துன்பமும், அச்சமும் சினமும் முகத்திலேயே முதற்கண் தோன்றுகின்றன. ஆதலின், அயல்நாடுகளுக்குச் செல்வோர் மலைகளையும் மாளிகைகளையும் கண்டு மகிழ்வதோடு அமையாது, ஆங்கு வாழும் மக்களின் முகங்களையும் நிழற்படமாகப் பிடித்து வருகின்றனர். மலைக்கு நாணம் இல்லை, மனிதர்க்கு உண்டு. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது என்பதனை ஒரு படத்தின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

1979-ஆம் ஆண்டின் இறுதியில் சோவியத்துப் படைகள் ஆப்கானிஸ்தானத்துள் புகுந்தன. போருக்கு அஞ்சிய மக்கள் பல இலட்சம் பேர் எல்லையைக் கடந்து பாகிஸ்தானத்தை அடைந்தனர். பெஷாவர் நகரின் அருகே நாசிர் பாக் என்னுமிடத்தில் அகதிகள் முகாம் ஒன்று இருந்தது. 1984-ஆம் ஆண்டில் ஸ்டீவ் மெக்கரி என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆங்குச் சென்றார். கூடாரத்தில் நடைபெற்ற பள்ளி ஒன்றில், செந்நிற முக்காடும் பசிய கண்களும் உடைய சிறுமி ஒருத்தியைக் கண்டார். ஆசிரியையின் இசைவைப் பெற்றுப் படம் பிடிக்கலானார். சிறுமி முதலில் கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பின்னர்க் கைகளை விலக்கி நேரே நோக்கினாள். அந்நோக்கே படத்தில் பதிந்தது.

அப்படம் 1985-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ‘நேஷனல் ஜியாகரபிக்’ இதழின் மேலட்டையில் வெளிவந்தது. உலகமே அதனைக் கண்டு வியந்தது. அகதிகள்பால் இரக்கமும் கொண்டது. ஆனால் படம் எடுத்தவர் அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ‘ஆப்கன் சிறுமி’ என்றே உலகம் அவளை அழைத்தது. அவளோ தன் முகம் உலகெங்கும் உலவுவதை அறியாதிருந்தாள்.

2002-ஆம் ஆண்டில் மெக்கரி மீண்டும் சென்று அவளைத் தேடினார். சிறுமி அப்போது மணமாகித் தாயாகவும் ஆகியிருந்தாள். கருவிழியின் அமைப்பு ஒருவர்க்கு இருப்பதுபோல் மற்றொருவர்க்கு இராது. அதனைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, அவரே அச்சிறுமி என்று அறிஞர் உறுதி செய்தனர். சர்பத் குலா என்னும் அவர் பெயரை உலகம் அப்பொழுதுதான் அறிந்தது. அவரும் தம் படத்தை அப்பொழுதுதான் முதன்முறையாகக் கண்டார். அயலார் ஒருவர் தம்மைப் படம் பிடித்ததனால் அன்று தாம் சினம் கொண்டதாக அவர் கூறினார். பஷ்தூன் மக்களிடையே குடும்பத்தைச் சாராத ஆடவர்க்குப் பெண்கள் முகம் காட்டுதல் வழக்கமன்று. உலகத்தார் அக்கண்களில் போரின் அச்சத்தை மட்டுமே கண்டனர்; ஆங்கே சிறுமி ஒருத்தியின் சினமும் கலந்திருந்ததை ஒருவரும் உணர்ந்திலர்.

இதனால் மக்களைப் படம் பிடித்தலே தவறு என்று கருதுதல் வேண்டா. அப்படத்தின் புகழால் ஆப்கானியச் சிறுமியரின் கல்விக்கென நிதி ஒன்றும் தோன்றியது. எனினும், நன்மை விளையும் என்பதனால் இசைவு வேண்டாததாகி விடாது. மொழி தெரியாத நாட்டில் கருவியைச் சுட்டிக் காட்டிக் குறிப்பினாலேனும் கேட்டல் வேண்டும். தலையசைத்து மறுப்பாராயின் புன்முறுவலோடு விலகுதல் வேண்டும். சிறுவர்க்காகப் பெற்றோரோ ஆசிரியரோ இசைந்த விடத்தும், அச்சிறுவரின் உள்ளத்தையும் அறிதல் வேண்டும். படத்தை அனுப்புவதாகச் சொன்னால், மறவாது அனுப்புதல் கடன்.

வறுமை ஒருவரின் பொருளைக் குறைக்கலாம்; மானத்தைக் குறைப்பதில்லை. முகத்தைப் பெற விரும்புவோர் முதலில் பெயரைக் கேட்பாராக. பெயரைக் கேட்டவர்க்கு, எதிரே நிற்பவர் காட்சிப் பொருளாகத் தோன்றார். தம்மைப்போன்ற ஒருவராகவே தோன்றுவார்.