சூதும் சிறையும்: இரு நகைச்சுவைத் திரைப்படங்கள் குறித்துச் சில சிந்தனைகள்

திருட்டைக் கண்டு சினப்பவர்களே திரையில் எத்தனின் வெற்றியைக் கைதட்டி வரவேற்கின்றனர். இம்முரண்பாட்டை ஒழுக்க வீழ்ச்சி என்று கூறி அமைவது எளிது. ஆயின் அது விளக்கமாகாது.

நலன் குமரசாமியின் ‘சூது கவ்வும்’ (2013), எச். வினோத்தின் ‘சதுரங்க வேட்டை’ (2014) ஆகிய இரண்டும் இவ்வகையில் நோக்கத்தக்கன. முன்னதில், அமைச்சரின் மகன் தன்னைக் கடத்தியவர்களுடனேயே மீட்புப் பணத்திற் பங்கு பேசுகிறான். நேர்மையான தந்தை ஒதுக்கப்பட, மகன் அரசியலில் உயர்கிறான். பின்னதில், காந்தி பாபு மண்ணுளிப் பாம்பையும் பல்லடுக்கு வணிகத்தையும் கோபுரக் கலசத்தையும் காட்டிப் பணம் பறிக்கிறான். காவல்துறை பிடித்தும் வழக்கு நிலைக்கவில்லை.

பல்லடுக்கு வணிகத்தின் இயக்கம் எளிதானது. ஒருவர் ஐவரைச் சேர்க்க வேண்டுமெனின் 5, 25, 125 என எண்ணிக்கை பெருகும். 11ஆம் படியில் 4 கோடியே 88 இலட்சம் பேர் தேவைப்படுவர். இது இலங்கைச் சனத்தொகையின் இருமடங்கிற்கும் அதிகம். ஆகவே கடைசிப் படியினரின் இழப்பு தற்செயலானதன்று. அதுவே முதற்படியினரின் இலாபம். இத்தகைய திட்டங்களை இலங்கை வங்கிச் சட்டமும் தடைசெய்கிறது.

உழைப்பும் உற்பத்தியும் கண்ணுக்கு மறைந்து, பணமே பணத்தை ஈனுவது போன்ற தோற்றத்தை ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் ஆராய்ந்தார். எத்தன் இத்தோற்றத்தையே முகமூடியின்றி விற்கிறான். 1852இல் லூயி போனபார்ட் பற்றி எழுதுகையில், கலிபோர்னியத் தங்கக்கட்டி லொத்தரில் ஒரே இலக்கத்திற்குப் பல சீட்டுகள் விற்கப்பட்டதையும் மார்க்ஸ் சுட்டினார். அங்கு எத்தனும் ஆட்சியாளனும் ஒருவனே. இவ்வொற்றுமையைப் பார்வையாளன் தன் வாழ்வனுபவத்தால் அறிவான். அவனது சிரிப்பு அவ்வறிவின் வெளிப்பாடு எனலாம்.

எனினும் இரு படங்களும் ஒரே இடத்தைச் சென்றடையவில்லை. ‘சதுரங்க வேட்டை’ காதலால் எத்தனைத் திருத்தி, சமூகச் சிக்கலைத் தனிமனித மனமாற்றமாகச் சுருக்குகிறது. ‘சூது கவ்வும்’ அத்தகைய ஆறுதலை மறுக்கிறது. அதன் வலிமை இதுவே.

தெல்தோட்டையிலிருந்து நோக்குமிடத்து இவ்வினா மேலும் கூர்மையடைகிறது. இதற்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவிலேயே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். தேயிலைச் செடியின் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசைமொழி மலையக மக்களின் நினைவில் இன்றும் உள்ளது. அவ்வாசைக்கு உட்பட்டு வந்தோர், வழிச்செலவுக் கடனுடனேயே தோட்டத்தில் நுழைந்தனர். ‘துண்டு’ என்ற கடன்சீட்டு அவர்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் பின்தொடர்ந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமோ, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வகைசெய்தது. துண்டுமுறையும் இத்தண்டனை முறையும் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஒழிக்கப்பட்டன.

இங்கு எத்தன் சிறைசெல்லவில்லை, ஏமாந்தவனே சென்றான். அம்மக்களின் வழித்தோன்றல்கள் 1000 ரூபா நாட்சம்பளத்தைச் சட்டபூர்வமாகப் பெற 2021 வரை போராட வேண்டியிருந்தது. உழைப்பினால் நிமிர வழியற்றவனிடம் அதிர்ஷ்டத்தை விற்பது கடினமன்று. அவனைப் பேராசைக்காரன் எனப் பழிப்பது, குற்றத்தை மறுபடியும் அவன்மீதே சுமத்துவதாகும்.

சிறையினுள் இருப்பவன் யார் என்பதோடு நில்லாது, சிறைக்கு வெளியே இருப்பவன் யார் என்றும் வினவும்போதே நகைச்சுவை சமூக விமர்சனமாகிறது.