மலையடிவாரத்திலிருந்து கார்னகி ஹால் வரை
நாதம் போன பாதை – 17

சென்ற வாரம் முத்துசுவாமி தீட்சிதரின் பஞ்சபூதத் தலக் கீர்த்தனைகளில் அக்னித் தலத்துக்கு உரிய ‘அருணாசலநாதம்’ பற்றிப் பேசினோம். அது திருவண்ணாமலையைத் தேடி வந்த இசை. இந்த வாரம், திருவண்ணாமலையில் சில காலம் இருந்துவிட்டுப் போன ஒருவரால் அமெரிக்க ஜாஸில் என்ன நடந்தது என்று பார்ப்போம். அவர் பாடகர் இல்லை, வாத்தியக்காரரும் இல்லை. கொங்கு நாட்டுத் துறவி.

கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் 1914-இல் பிறந்த ராமசாமி, மனைவியை இழந்த பிறகு குருவைத் தேடி அலைந்தவர். திருவண்ணாமலைக்கு வந்து ரமணாசிரமத்தில் தங்கினார். ரமண மகரிஷியின் கையில் புற்றுக்கட்டி வந்திருந்த காலம் அது. அடுத்தடுத்து நடந்த அறுவை சிகிச்சைகளையும் அந்த உடம்பு பட்ட பாட்டையும் காணப் பொறுக்காமல் ரிஷிகேசத்துக்குக் கிளம்பிவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அங்கே 1949-இல் சிவானந்தரிடம் தீட்சை வாங்கி சுவாமி சச்சிதானந்தா ஆனார். பிறகு இலங்கை. 1966-இல் நியூயார்க். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்க நாளில் அந்தப் பெருங்கூட்டத்துக்கு முன்னால் மேடையில் உட்கார்ந்து பேசியவர் இவர்தான்.

வுட்ஸ்டாக் படம் பலரும் பார்த்தது. அதைவிடப் பெரிய காரியம், துக்கத்தில் இருந்த ஒரு பெண் அவரிடம் வந்து சேர்ந்தது.

ஆலிஸ் கோல்ட்ரேன் 1937-இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். தேவாலயத்தில் வாசித்துப் பழகிய பியானோ கலைஞர். கணவர் ஜான் கோல்ட்ரேன் ஜாஸ் சாக்ஸபோனின் போக்கையே மாற்றியவர். 1967 ஜூலையில், 40 வயதில், புற்றுநோயால் இறந்துபோனார். வீட்டுக்காக அவர் சொல்லிவைத்திருந்த ஹார்ப் என்னும் பெரிய நரம்பு வாத்தியம் அவர் போன பிறகுதான் வந்து சேர்ந்தது. நான்கு சின்னப் பிள்ளைகளோடு தனியாக நின்ற ஆலிஸ் அதில் கை வைத்தார். தூக்கமில்லாமல் உடம்பு உருகிப்போன அந்த ஆண்டுகளின் முடிவில் சச்சிதானந்தாவைச் சந்தித்தார். 1970 நவம்பரில், வீட்டிலேயே இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ இசைத்தொகுப்பின் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். அடுத்த மாதம் குருவோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பயணம்.

அந்தத் தொகுப்பின் முதல் உருப்படி தம்பூராவில் தொடங்குகிறது. அதன்மேல் செசில் மெக்பீயின் பாஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பிறகு ஹார்ப். அதற்கும் பிறகுதான் ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன், அவசரமே இல்லாமல் வருகிறது.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் அன்னியமாக எதுவும் படாது. காரணம் இருக்கிறது. பழைய ஜாஸில் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். ஆதார சுருதி என்று ஒன்றைப் பிடித்து நிற்க முடியாது. 1959-இல் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ வெளிவந்தபோது அந்த ஓட்டம் நின்றது. ஒரே ஸ்வரவரிசையில் நெடுநேரம் தங்கி மனோதர்மத்தை விரிக்கும் வழி ஊன்றியது. அந்தத் தொகுப்பில் வாசித்தவர்களில் ஜான் கோல்ட்ரேனும் ஒருவர். ஆகவே ஆலிஸ் தம்பூராவைக் கொண்டுவந்து வைத்தபோது அதற்கு ஏற்கெனவே இடம் தயாராக இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹார்ப்பில் நம் கமகம் பேசாது. ஆலிஸ் அதில் ராகம் வாசிப்பதாகப் பாவனை செய்யவே இல்லை. நம்மிடமிருந்து சுருதியை எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் டெட்ராய்ட் தேவாலயத்திலும் ஜாஸ் மேடைகளிலும் தான் சம்பாதித்தது. இந்த நேர்மைதான் இந்த இசையை அரை நூற்றாண்டு தாண்டியும் நிறுத்தியிருக்கிறது. மிருதங்கமும் டிரம்ஸும் மாறி மாறி அடித்து, ஒரு கோர்வையில் சேர்ந்து முடித்துக் கைதட்டு வாங்கும் கலப்புக் கச்சேரிகள் பல, மறுநாள் காலையில் நினைவில் இருப்பதில்லை.

1971 பிப்ரவரி 21 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் சச்சிதானந்தாவின் யோக நிலையத்துக்கு நிதி திரட்ட ஒரு கச்சேரி நடந்தது. ஆலிஸின் குழுவில் இரண்டு சாக்ஸபோன், இரண்டு பாஸ், இரண்டு டிரம்ஸ். கூடவே தம்பூராவும் ஹார்மோனியமும். முதல் பாதியில் குருவின் பெயர் தாங்கிய உருப்படியும் ‘சிவலோகா’வும், பின்பாதியில் ஜான் கோல்ட்ரேனின் உக்கிரமான படைப்புகள். முழுக் கச்சேரியும் 2024-இல்தான் இசைத்தட்டாக முறையாக வெளியானது.

எதிர்த் திசையிலும் ஆட்கள் நடந்திருக்கிறார்கள். பாஸ்டனில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ, மலேசிய வானொலிக்காக வேலை பார்க்கப் போன இடத்தில் நாகசுரம் கேட்டார். கேட்டதோடு விடாமல், தமக்கென்று பெயரும் புகழும் வந்த பிறகு இந்தியாவுக்கு வந்து மாணவனாக உட்கார்ந்து அதைக் கற்றார். நாகசுரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத்தோ மைசூரு அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கண்டு மயங்கி, சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம் கேட்டு, அந்த வாத்தியத்தில் கீர்த்தனைகளை வாசித்துக் காட்டினார். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட கலிஃபோர்னியாவின் ஜான் ஹேண்டி, உங்களோடு நானும் மேடை ஏறலாமா என்று கேட்டுச் சேர்ந்து வாசித்தார். மரியானோ நாகசுரத்தின் சீவாளியைத் தேடி வந்தார், கோபால்நாத் அதிலிருந்து சாக்ஸபோனுக்குப் போனார். இருவருக்கும் பின்னால் நீண்ட சாதகம் இருந்தது.

கார்த்திகை தீபம் முடிந்து மாசி வரை திருவண்ணாமலையில் வெளிநாட்டினர் நிறைந்திருக்கிறார்கள். அவர்களில் வாத்தியம் வாசிப்பவர்களும் உண்டு. அங்கே ஜாஸோ வேறு இசையோ கலந்து கச்சேரித் தொடர் நடத்த நினைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் முதல் பெயராக உள்ளூர் நாகசுர, தவில் கலைஞர்களின் பெயரைப் போடுங்கள். வெளியூர்க் கலைஞருக்குத் தரும் அதே சன்மானத்தை அவர்களுக்கும் கொடுங்கள். கச்சேரிக்கு முந்தைய இரண்டு வாரமாவது இருவரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, ஒருவர் சுருதியை மற்றவர் கேட்கச் செய்யுங்கள். அதற்கு நேரமும் பணமும் இல்லையென்றால் அந்தக் கச்சேரியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள்.

(தொடரும்)