வீட்டுப் பழம்பொருளும் இணையவழி ஏலமும்: விற்பவர் அறிய வேண்டியவை

திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை, கோட்டை ஆகிய பகுதிகளில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. பழைய வீட்டை விட்டு அடுக்ககத்துக்குக் குடிபெயரும் நாளில்தான் பரணில் இருப்பவை கீழே இறங்குகின்றன. சித்திரைத் திருநாள் மன்னர் காலத்துச் செப்புச் சக்கரங்கள், சங்கு முத்திரை பொறித்த அஞ்சல் தலை ஒட்டிய கடித உறைகள் ஆகியவற்றோடு, குளிர்பதனப் பெட்டியும் ஓடாத ஸ்கூட்டரும் விற்பனைக்குக் காத்திருக்கும். முன்பு இவை சாலைக் கடைத்தெருவுக்கு எடைக்குப் போயின. இன்று வீட்டிலிருந்தபடியே கைப்பேசி வழியாக நாடு முழுவதும் உள்ளவர்களுக்கு விற்க முடிகிறது. எனினும், வாங்குபவர் முகம் தெரியாதவர் என்பதால் விற்பவர் சில செய்திகளைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

ஏலமா, விளம்பரமா?

தனிநபர்கள் இணையத்தில் ஏலம் விடும் வழக்கத்தைப் பரவலாக்கியது 1995இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஈபே நிறுவனம். அதில் முதலில் விற்ற பொருள் பழுதடைந்த லேசர் விளக்கு ஒன்று; விலை 14.83 டாலர். இந்தியாவில் 2000இல் தொடங்கப்பட்ட பாஸி.காம் தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. அந்த இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது. இப்போது வீட்டு உபயோகப் பொருள்கள் பெரும்பாலும் விளம்பரத் தளங்களில் பேரம் பேசி விற்கப்படுகின்றன. நாணயம், அஞ்சல் தலை போன்றவற்றுக்கு அவற்றுக்கென இயங்கும் ஏல நிறுவனங்கள் உள்ளன. சந்தை விலை ஊரறிந்த பொருளுக்கு விளம்பரமும், விலை இன்னதென்று நமக்கே தெரியாத பொருளுக்கு ஏலமும் பொருந்தும்.

விலை எவ்வாறு அமைகிறது?

ஒரு சிறு எடுத்துக்காட்டைக் காண்போம். சக்கர நாணயத் தொகுப்பு ஒன்றை ரூ.500 தொடக்க விலையில் ஏலத்துக்கு வைக்கிறோம். ஒருவர் ரூ.2,000 வரையிலும் மற்றொருவர் ரூ.1,600 வரையிலும் கொடுக்க ஆயத்தமாக உள்ளனர். ஒவ்வொரு கேட்பும் ரூ.50 உயர வேண்டும் என்பது விதி. இரண்டாமவர் ரூ.1,600உடன் நின்றுவிடுவதால், முதலாமவர் ரூ.1,650க்குப் பொருளைப் பெறுகிறார். அவர் மனத்தில் இருந்த ரூ.2,000 நமக்குக் கிடைப்பதில்லை. போட்டிக்கு எவரும் வராவிட்டால், அதே பொருள் ரூ.500க்கே போய்விடும்.

ஆகவே, ஏலத்தில் விலையை முடிவு செய்பவர் இரண்டாவது ஆர்வலரே. அத்தகைய இருவரையாவது வரவழைப்பது விற்பவரின் பொறுப்பு. இரு பக்கமும் தெளிவாகத் தெரியும் படங்கள், அளவு, எடை, குறைபாடுகள், அனுப்பும் செலவு யாருடையது என்ற விவரம் ஆகிய அனைத்தையும் முன்னரே சொல்லிவிட வேண்டும். கீறலை மறைத்தால் பொருள் திரும்பி வரும். விற்பவரின் பெயரும் கெடும். எந்த விலைக்குக் கீழே விற்க மனமில்லையோ, அதனைக் குறைந்தபட்ச ஏற்பு விலையாக முன்பே பதிவு செய்துகொள்ளலாம். ஏல நிறுவனம் பிடித்துக்கொள்ளும் தரகுத் தொகையையும் கேட்டறிந்த பிறகே பொருளை ஒப்படைக்க வேண்டும்.

புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்

பாத்திரத்தைப் புளியிட்டு விளக்கும் பழக்கத்தில் நாணயத்தையும் விளக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. காலத்தால் படிந்த நிறம் போன நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் விரும்புவதில்லை. அதன் மதிப்பு குறைந்துவிடும். அவ்வாறே, திருவிதாங்கூர் அஞ்சல் துறை 1888 முதல் வெளியிட்ட அஞ்சல் தலைகள் உறையோடு இருந்தால், அவற்றைப் பிரித்தெடுக்காமல் முத்திரையுடன் அப்படியே வைத்திருப்பது நல்லது.

இங்கே சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத நாணயம், சிற்பம், ஓவியம் போன்றவை தொல்பொருள்களாகும். அவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. அவற்றை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் தேவை. எனவே, அயல்நாட்டிலிருந்து வரும் கேட்பு எவ்வளவு கவர்ச்சியாக இருப்பினும், பொருளின் வயதை உறுதி செய்யாமல் இசைதல் ஆகாது.

மேலும், பழைய நாணயத்துக்கும் நோட்டுக்கும் இலட்சக்கணக்கில் தருவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரால் முன்கூட்டியே கட்டணமும் வரியும் கேட்கும் மோசடிகள் நடைபெறுகின்றன. தான் இத்தகைய விற்பனையில் ஈடுபடுவதில்லை என்றும், எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் மாதத்தில் பொதுமக்களை எச்சரித்தது. விற்பவரிடமே பணம் கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர்.

பணம் பெற ரகசிய எண் தேவையில்லை

விளம்பரம் வெளியான சில நிமிடங்களில் ஓர் அழைப்பு வரும். பேரமே பேசாமல், கேட்ட விலைக்கு ஒப்புக்கொள்வார். தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்வார். பாங்கோட்டில் இராணுவ முகாம் உள்ள இந்நகரில் அது எளிதில் நம்பத்தக்கதாகவே தோன்றும். பின்னர் ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, “இதனை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடுங்கள், பணம் வந்துவிடும்” என்பார். எண்ணை இட்டவுடன் பணம் நம் கணக்கிலிருந்து வெளியேறிவிடும்.

யுபிஐ முறையில் ரகசிய எண் பணம் செலுத்துவதற்கு உரியது; பெறுவதற்கு அது ஒருபோதும் தேவைப்படுவதில்லை. தனிநபர்களிடையே பணம் கோரும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்ட போதிலும், கியூஆர் குறியீட்டின் வழியாக ஏமாற்றுவது தொடர்கிறது. “தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்” என்று கூறிப் போலிக் குறுஞ்செய்தி அனுப்புவோரும் உளர். குறுஞ்செய்தியை நம்பாமல், வங்கிச் செயலியில் கணக்கு இருப்பைப் பார்த்த பின்னரே பொருளைக் கொடுக்க வேண்டும்.

வாகனமும் கைப்பேசியும்

ஸ்கூட்டரின் சாவியையும் ஆவணங்களையும் கொடுத்தவுடன் நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு, விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள் வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, பெயர் மாற்றம் நிறைவேறியதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கைப்பேசியை விற்கும்முன் வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறி, தரவுகளை முற்றிலும் அழித்து, சிம் அட்டையை எடுத்துவிடுவது அவசியம்.

வருமான வரியைப் பொறுத்தவரை, சொந்த உபயோகத்துக்கான அறைகலன், துணி போன்ற அசையும் பொருள்களை விற்பதில் மூலதன ஆதாய வரி எழுவதில்லை. ஆனால், நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் தொகுப்பு ஆகியவற்றுக்கு இவ்விலக்கு இல்லை. இலாப நோக்குடன் தொடர்ந்து வாங்கி விற்பது வணிகமாகவே கருதப்படும்.

ஏமாற்றம் நேர்ந்துவிட்டால்

வெட்கத்தால் பலர் ஓரிரு நாள்கள் வெளியில் சொல்வதில்லை. அந்தத் தாமதமே இழப்பை நிலையாக்கிவிடுகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் தேதிச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ஏற்படும் இழப்பு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். தெரிவித்த பின்னர் நேரும் இழப்பை வங்கி ஏற்கும். எனவே, முதலில் வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும். உடனடியாக 1930 என்ற எண்ணை அழைத்தால், பணம் மேலும் கைமாறும் முன் அதனை முடக்கும் வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், அழைத்தவரின் கைப்பேசி எண், உரையாடல் படங்கள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தால் புகாருக்கு அவை துணை நிற்கும்.