கணினிப் பெட்டியின் உறுப்புகளை அறிவோம்

சென்ற ஆண்டு ஓணம் விடுமுறையில், காரோட்டிலுள்ள எங்கள் இல்லத்துக் கணினி திடீரென நின்றுவிட்டது. விசையை அழுத்தினால் விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை. மறைந்த என் தந்தையாரின் படங்களும், அவர் பேரனுக்குக் கதை சொல்லிய குரற்பதிவும் அதனுள்ளேயே இருந்தன. வேறு படி எங்குமில்லை. அருகிலுள்ள நகரத்தில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் பெட்டியைத் திறவாமலே, “சிஸ்டம் போய்விட்டது, உள்ளே இருந்ததும் போயிற்று. 40,000 ரூபாயில் புதியது தருகிறேன்” என்றார். என் தாயார் கண்கலங்கினார். எது போயிற்று, எது போகவில்லை என்று கேட்பதற்குரிய சொல் அன்று என்னிடம் இல்லை.

பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரிபவன் நான். நாள்தோறும் கணினியின் முன் அமர்ந்தும் அதன் உறுப்புகளை அறிந்தேனில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் இவற்றைக் கற்கின்றனர். பணம் கொடுக்கும் பெரியோர்களோ அறியாதிருக்கிறோம். ஆகவே, பின்னர் நான் கற்றுக்கொண்டதை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

கண்ணுக்குத் தெரிபவை திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியன. இவற்றோடு இணைந்து நிற்கும் பெட்டி முழுவதையும் நாம் சி.பி.யு. என்று அழைக்கிறோம். அது பிழை. சி.பி.யு. என்னும் மையச் செயலகம், பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு சில்லு மட்டுமே. கணக்கிடுவதும் கட்டளைகளை நிறைவேற்றுவதும் அதன் தொழில். எங்கள் அலுவலகத்தோடு ஒப்பிட்டால், அதுவே எழுத்தர்.

எழுத்தருக்கு மேசை வேண்டுமன்றோ? அதுவே ராம் எனப்படும் நினைவகம். அப்போது நடைபெறும் வேலைக்கான தாள்கள் மட்டும் அதன்மேல் விரிந்திருக்கும். மேசை சிறிதாயின் வேலை தாமதமாகும். மின்சாரம் நின்றால் மேசைமேல் இருந்ததெல்லாம் மறைந்துபோகும். எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைச் சேமிக்காவிடில் அது அழிவது இதனாலேயே.

நிலையாகக் காப்பதற்கான பதிவேட்டறை வன்தட்டு, அதாவது ஹார்டு டிஸ்க். மின்சாரம் இல்லாவிடினும் அதிலுள்ளவை அழிவதில்லை. அதனுள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகையில் சுழலும் பாகம் எதுவுமில்லை, விரைவும் மிகுதி. கடையில் “மெமரி” என்று பொதுவாகச் சொன்னால், மேசையா, பதிவேட்டறையா என்று கேட்டறிதல் வேண்டும். 8 ஜி.பி. என்பது பெரும்பாலும் மேசையின் அளவு, 500 ஜி.பி. என்பது பதிவேட்டறையின் அளவு.

இன்னோர் ஐயமும் பலருக்கு உண்டு. 500 ஜி.பி. வன்தட்டு வாங்கினால், விண்டோஸ் கணினியின் திரை 465 என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று எண்ணற்க. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கணினி 1,024 என்னும் அடிப்படையில் எண்ணுகிறது. வேறுபாடு அவ்வளவே.

இவற்றையெல்லாம் இணைத்துத் தாங்குவது மதர்போர்டு என்னும் தாய்ப்பலகை. நிலையங்களை இணைக்கும் இருப்புப்பாதை போல, தகவல்கள் அதன் கம்பித்தடங்கள் வழியே செல்கின்றன. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக்கி உறுப்புகளுக்கு அளிப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி.

எங்கள் வீட்டில் பழுதானது அந்த மின்வழங்கி ஒன்றே. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த என் தமக்கை மகன் பெட்டியைத் திறந்து, வன்தட்டைக் கழற்றி, வேறொரு கணினியோடு இணைத்தான். சற்று நேரத்தில் தந்தையாரின் குரல் கூடத்தில் ஒலித்தது. என் தாயார் அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். 1,200 ரூபாயில் புதிய மின்வழங்கி பொருத்தினோம். பழைய கணினி இன்றும் பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது நம்மவர் மறவாத செய்தி. அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் கொண்ட அப்பெரும் பொறி ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்று விரல்நுனி அளவுள்ள அட்டை அதனினும் பல்லாயிரம் மடங்கு தாங்குகிறது. ஆயினும் அந்த அட்டையும் ஒருநாள் பழுதாகும்.

எங்களுக்கு வன்தட்டே பழுதாகியிருப்பின் கதை வேறாக முடிந்திருக்கும். ஆகவே அன்பர்கள் மூன்றினை நினைவிற் கொள்க. பழுதென்றால், “எந்த உறுப்பு? வன்தட்டு நலமா?” என்று முதலில் கேளுங்கள். வன்தட்டிலிருந்து டக்டக் என்னும் ஓசை எழுந்தால், மேலும் இயக்காது நிறுத்திவிடுங்கள். அரிய படங்களுக்கும் குரல்களுக்கும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பங்கள் நாம். முன்னோரின் நிலமும் வீடும் பலருக்குத் தொலைவில் உள்ளன; அவர்தம் முகமும் குரலுமாவது நம்மிடம் நிலைக்கட்டும்.