கருவும் சூலும் சினையும்

பிறவாத உயிரைக் குறிக்க ஆங்கிலத்தில் இரு சொற்கள் உள்ளன. மனிதக் கரு தோன்றியது முதல் ஏறத்தாழ 8 வாரங்கள் வரை அதனை ‘எம்பிரியோ’ என்பர். அதன்பின் பிறக்குமளவும் ‘ஃபீட்டஸ்’ என்பர். முன்னது கிரேக்கச் சொல்; ‘உள்ளே பெருகி வளர்வது’ என்பது அதன் பொருள். பின்னது இலத்தீன் சொல். இவற்றை நம் அறிவியல் நூல்கள் முறையே கரு, வளர்கரு என வழங்குகின்றன.

ஆங்கிலச் சொற்கள் வளர்ச்சிக் காலத்தால் வேறுபட்டன. தமிழ் வழக்கிலோ சொற்கள் உயிரின் வகையால் வேறுபடுகின்றன. திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரிப் பக்கம் சென்றால் இவ்வேறுபாட்டை வயலிலும் தொழுவத்திலும் நீர்த்துறையிலும் காணலாம்.

நெற்கதிர் வெளிவராது தாளின் உறைக்குள் பொதிந்திருக்கும் நிலையில், பயிர் சூல்கொண்டது என்கிறோம். அப்பொழுது நீர் குறைந்தால் மணி பதராகும். மழை பொழியவிருக்கும் மேகத்தையும் சூல்கொண்ட மேகம் என்பது மரபு. பூவினுள் விதையாக மாறும் உறுப்பைத் தாவரவியலார் சூல் என்றும், அஃது அமைந்த இடத்தைச் சூலகம் என்றும் பெயரிட்டனர்.

பசு சினையாயிற்று என்போம்; மீனின் வயிற்றிலுள்ள முட்டைத் திரளையும் சினை என்போம். பெண்ணைச் சினையானாள் என்று கூறுதல் தகாது. கருவுற்றாள், சூலுற்றாள் என்பனவே தக்கவை. வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்று ஊரார் உரைப்பதில் எத்துணைப் பரிவு! இலக்கணத்தில் சினை என்பது முழுப்பொருளின் உறுப்பு, மரத்திற்குக் கிளைபோல.

கரு என்னும் சொல்லோ உடலளவில் நில்லாது விரிந்தது. கதையின் உள்ளீடு கதைக்கரு. நிலத்தில் தோன்றும் விலங்கு, பறவை, மரம், உணவு முதலியவை கருப்பொருள்.

பிறவாத உயிருக்குப் பெயர் மட்டுமன்றி உரிமையும் உண்டு. உயில் எழுதாது தந்தை இறக்கும்பொழுது தாயின் கருவிலிருந்த குழந்தை, பின்னர் உயிருடன் பிறந்தால், முன்னரே பிறந்த குழந்தையைப் போலவே சொத்துரிமை பெறும். இதனை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் உறுதி செய்கிறது.

பழவேற்காட்டு ஏரியில் சேற்று நண்டுகள் வாழ்கின்றன. சினை முற்றிய பெண் நண்டு முகத்துவாரத்தின் வழியே கடலுக்குச் சென்று, பல இலட்சம் முட்டைகளைப் பொரிக்கும். அதனை வழியிலேயே பிடித்தால் அத்தனையும் அழியும். மீன்கள் இனம் பெருகும்பொருட்டே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடித்தல் தடை செய்யப்படுகிறது.

இன்று கண்ணுக்குத் தோன்றாததே நாளைய கதிர், நாளைய கன்று, நாளைய குடிமகன். சொல்லை இடமறிந்து வழங்குவோம். அச்சொல் குறிக்கும் உயிரையும் போற்றுவோம்.